கடல் இறாலின் பிறந்த வீடும் வளர்ந்த வீடும்

கொல்லிமலை விவசாயிகளுக்கும் அடிவாரத்து மக்களுக்கும் கடல் இறால் பெரும்பாலும் கருவாடாகத்தான் அறிமுகம். சந்தையில் படி அளந்து தரும் சென்னாக்கூனியை வாங்கிப் போய், வெறும் சட்டியில் வறுத்து, கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். இந்தக் கூனியைப் பெரிய இறாலின் குஞ்சு என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியல்ல. கூனி தனி இனம். முற்றி வளர்ந்தாலும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். கரையோரக் கடலில் மேகம்போல் திரளும். வாழ்நாள் முழுவதும் அங்கேயே கழியும்.

பெரிய இறால்களின் கதை வேறு. அவை கடலில் பிறந்து, ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் வளர்ந்து, மறுபடியும் கடலுக்கே திரும்புகின்றன. அந்தக் கழிமுகத்துக்கு நல்ல தண்ணீர் அனுப்புகிறவர்கள் மேட்டு நிலத்தில் இருக்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் சாமையும் மரவள்ளியும் மிளகும் பயிரிடும் கொல்லிமலை விவசாயிக்கும், பரங்கிப்பேட்டையில் வலை வீசும் மீனவருக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவு. ஆனாலும் இருவரும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் இருக்கிறார்கள்.

மலையிலிருந்து இறங்கும் இரண்டு வழிகள்

அறப்பளீஸ்வரர் கோயிலை அடுத்து ஆகாய கங்கையாக விழும் ஐயாறு, துறையூர்ப் பக்கமாக இறங்கித் திருச்சி மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. இந்த ஆற்று மீன்களை அந்தக் கோயிலின் மீன்களாகக் கருதி, பக்தர்கள் பொரி போடுவதே வழக்கம், பிடிப்பதில்லை. மலையின் வடகிழக்குச் சரிவில் விழும் மழையோ தம்மம்பட்டிப் பக்கம் ஓடிச் சுவேத நதியாகிறது. சுவேத நதி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது.

காவிரியின் கிளைகள் டெல்டா முழுவதும் பரவி, கடைசியில் முத்துப்பேட்டை உப்பங்கழியிலும் கோடியக்கரைப் பக்கத்துச் சதுப்பிலும் வடிகின்றன. கொள்ளிடம் பழையாறு அருகே கடலைச் சேர்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. தமிழ்நாட்டில் இறால் குஞ்சு வளரும் இடங்களில் முதன்மையானவற்றை எண்ணினால் முத்துப்பேட்டை, பிச்சாவரம், வெள்ளாற்று முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி ஆகியவை வரும். இவற்றில் மூன்றுக்குப் போகும் தண்ணீரில் கொல்லிமலை மழைக்கும் பங்கு உண்டு. வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் அமைந்திருப்பதால், அந்தக் கழிமுகத்தின் உப்பும் தண்ணீரும் உயிரினங்களும் நம் நாட்டிலேயே மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றில் சேரும்.

கடலில் பிறப்பு, கழியில் வளர்ப்பு

தாய் இறால் கரையை விட்டு விலகிய கடலில், இரவு வேளையில் முட்டையிடுகிறது. கோழியைப்போல் அடைகாப்பதும் இல்லை, நண்டைப்போல் வயிற்றடியில் சுமப்பதும் இல்லை. தண்ணீரிலேயே உதிர்த்துவிட்டுப் போய்விடும். வரி இறால் அல்லது புலி இறால் எனப்படும் பெரிய இனத்தில் ஒரு தாய் ஒரே தடவையில் 2 லட்சம் முதல் 8 லட்சம் முட்டை வரை இடும். அரை நாளிலிருந்து முக்கால் நாளுக்குள் முட்டை பொரிகிறது. பொரிந்ததும் வெளிவருவது இறால் சாயலே இல்லாத ஒரு தூசு. முதல் இரண்டு நாள் கூடவே வந்த கருவுணவைத் தின்று வாழும். பிறகு கண்ணுக்குத் தெரியாத பாசியையும், அதற்குப் பின் நுண்ணுயிர்களையும் தின்னும். பலமுறை சட்டை உரித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் இறால் வடிவம் பெறுகிறது. இத்தனையும் கடல் உப்பில், அதாவது ஒரு லிட்டருக்குச் சுமார் 30 முதல் 35 கிராம் உப்புள்ள நீரில்தான் நடக்க வேண்டும். உப்பு குறைந்தால் முட்டையும் தேறாது, தூசுக் குஞ்சும் தேறாது.

இறால் வடிவம் வந்தபின் அதன் தேவை மாறிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குஞ்சு கழிமுகத்தை நாடுகிறது. நீந்தி ஆற்றை எதிர்க்கும் வலு அதற்குக் கிடையாது. கடலின் ஏற்றவற்றத்தையே வண்டியாகப் பயன்படுத்துகிறது. ஓதம் ஏறும்போது மேலே எழும்பித் தண்ணீரோடு உள்ளே வரும். வற்றம் தொடங்கியதும் அடியில் இறங்கி மண்ணைப் பற்றிக்கொள்ளும். இப்படி நாள்தோறும் சிறிது சிறிதாக முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்துவிடும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் இந்த வண்டி ஓடாது. பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்று ஆண்டுக்காண்டு கேட்பதன் காரணம் படகுப் போக்குவரத்து மட்டுமன்று.

கழியில் குஞ்சுக்குக் கிடைப்பவை மூன்று. முதலாவது தீனி. அலையாத்தி இலை உதிர்ந்து மக்குகிறது; ஆறு கொண்டுவரும் வண்டலும் சேர்கிறது. அந்த மக்கின்மேல் வளரும் நுண்ணுயிரையும் புழுவையும் இறால் தின்கிறது. இரண்டாவது மறைவு. ஆழமில்லாத கலங்கல் நீரும் வேர்ச் சந்துகளும் பெரிய மீன்களிடமிருந்து காக்கின்றன. மூன்றாவது அளவான உப்பு. இளம் இறாலின் இரத்தத்தில் இருக்கும் உப்பின் அளவு கடல்நீரைவிடக் குறைவு. லிட்டருக்கு 25 கிராம் உப்புள்ள கழிநீருக்கு ஏறத்தாழ ஒத்தது. ஆகவே உடலின் உப்பைச் சரிக்கட்டச் செலவாகும் சத்து மிச்சப்பட்டு வளர்ச்சிக்குப் போகிறது. நோஞ்சான் கன்றுக்கு நல்ல தொழுவம் கிடைத்தாற்போல மூன்று நான்கு மாதத்தில் மளமளவென்று வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்புகிறது. மழை வெள்ளம் வரும்போது கூட்டமாகக் கிளம்புவதும் உண்டு. கடலில் பருவமடைந்து இனம் பெருக்கும். பெரும்பாலான இனங்களின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுதான்.

எந்த இறால் எங்கே

எல்லா இறாலும் ஒரே மாதிரி அல்ல. வெள்ளை இறால் மணலும் சேறும் கலந்த ஆழமற்ற கடலில், பெரும்பாலும் 30 மீட்டருக்குள், மீனவர் கணக்கில் பதினைந்து பதினாறு பாகத்துக்குள் வாழ்கிறது. அதன் குஞ்சு வெள்ளாறு, பழவேற்காடு, முத்துப்பேட்டை ஆகிய இடங்களில் ஏராளம். வரி இறால் சற்று ஆழமான சேற்றுத் தரையை விரும்பும். நூறு மீட்டரைத் தாண்டியும் கிடைப்பதுண்டு. அதன் குஞ்சுக்கு அலையாத்தி நிழல் உள்ள கழி பிடிக்கும். பெண் இறால் ஓர் அடிக்கு மேல் வளரும் இனம் இது.

மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையில் கிடைக்கும் பச்சைப் புலி இறால் இதற்கு மாறானது. அதற்குக் கழிமுகம் வேண்டாம், கடற்புல் வேண்டும். பாக் நீரிணையின் ஆழமற்ற தரையில் நெல்வயல்போல் பரந்திருக்கும் கடற்புல்லுக்குள்தான் அது குஞ்சாய் வளர்கிறது. பகலில் மண்ணுக்குள் புதைந்திருந்து இரவில் மேய வரும். ஆகவேதான் அங்கே இழுவைப் படகுகள் இரவில் தொழிலுக்குப் போகின்றன. இழுவை மடி கடற்புல்லைப் பெயர்த்தால், வரப்போகும் ஆண்டின் இறாலையும் சேர்த்துப் பெயர்ப்பதாகும். இந்தக் கடற்புல் மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பலன் பச்சைப் புலி இறாலுக்கும் உண்டு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த இறாலின் குஞ்சைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து அண்மை ஆண்டுகளில் பாக் நீரிணையில் விட்டுவருகிறது.

மேற்குக் கடலில், கொல்லம் பக்கத்தில் மழைக்காலத்தில் குவியும் கரிக்காடி இறால் கழிக்குள் நுழைவதே இல்லை. பிறப்பு, வளர்ப்பு, இறப்பு எல்லாம் கடலிலேயே. இன்னும் ஆழத்தில், 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் எட்டாத இடத்தில் செந்நிற ஆழ்கடல் இறால்கள் இருக்கின்றன. கொல்லம், தூத்துக்குடிப் படகுகள் இவற்றைத் தேடிப் போகின்றன. கழிமுகம் கெட்டால் ஆழ்கடல் இறாலுக்குக் கேடு இல்லை. வெள்ளை இறாலும் வரி இறாலும்தான் முதலில் அடிபடும். சாதாரண வலைக்காரருக்கு எட்டக்கூடியவையும் அவைதான்.

ஓர் இனத்தை மட்டும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் கிடைக்கும் நீண்ட கொடுக்குள்ள ஆற்று இறால் கடல் இறால் அல்ல. அதன் பயணம் தலைகீழானது. நன்னீரில் வாழும், முட்டையை வயிற்றடியில் சுமந்தபடி கீழே இறங்கும், குஞ்சு உப்பு கலந்த நீரில் பொரிந்து தேறியபின் ஆற்றில் மேலேறும். சந்தையில் வாங்கும் இறாலின் வயிற்றடியில் முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் அது நிச்சயமாக வெள்ளை இறாலோ வரி இறாலோ இல்லை. மேலேறும் குஞ்சுக்கு அணைக்கட்டுகள் பெரிய தடை. கொள்ளிடம் கீழணையில் இந்த இறால் பிடிப்பு ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்தது.

நல்ல தண்ணீர் வீணாகிறதா?

கடலில் கலக்கும் ஆற்றுநீரை வீண் என்று சொல்லும் வழக்கம் விவசாயிகளிடையே வேரூன்றியிருக்கிறது. குறுவைக்குத் தண்ணீர் இன்றித் தவிக்கும் டெல்டா விவசாயி அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கழிமுகத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப்பின் காவிரியின் வெள்ளம் பருவந்தோறும் தானாகக் கடலுக்குப் போகும் நிலை மாறிவிட்டது. முத்துப்பேட்டையில் பாமணியாறு, கோரையாறு முதலியவை இன்று வடகிழக்குப் பருவமழையின்போதுதான் நல்ல நீரைக் கொட்டுகின்றன. கோடையில் தண்ணீர் வராததாலும் வெயிலில் ஆவியாவதாலும் கழியின் சில பகுதிகள் கடலைவிட உப்பேறிவிடுகின்றன. அந்த உப்பில் அலையாத்தி மரங்களே கருகுகின்றன. குஞ்சுக்கு என்ன வளர்ச்சி கிடைக்கும்?

மழைக்கும் இறாலுக்கும் உள்ள தொடர்பு இங்கே மட்டும் காணப்படுவதன்று. ஆஸ்திரேலியாவின் வடக்கே கார்ப்பென்டேரியா வளைகுடாவில், மழை நன்றாகப் பெய்து ஆறுகள் ஓடிய ஆண்டில் வாழை இறால் என்னும் இனம் அதிகமாகப் பிடிபடுவதை அங்குள்ளவர்கள் பல்லாண்டு கணக்கு வைத்துக் கண்டிருக்கிறார்கள். ஆற்றுவெள்ளம் வளர்ந்த இறாலைக் கழியிலிருந்து கடலுக்குத் தள்ளுகிறது. கரையோரக் கடலுக்கு எருவும் சேர்க்கிறது.

தண்ணீரின் அளவு ஒருபுறமிருக்க, அதன் தன்மையும் முக்கியம். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது. கிழங்கு வெட்டும்போது மண்ணைக் கிளறவேண்டியிருப்பதால், வரப்பில்லாத சரிவில் அடுத்த மழைக்கு மேல்மண் இறங்கிவிடுகிறது. இது முதலில் மலை விவசாயியின் நஷ்டம். இறால் நஷ்டம் அதன் பிறகுதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டது. அதே நிறுவனம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அலையாத்தியை மீட்டது. தண்ணீர் நின்று உப்பேறிய தரையில், மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஏற்றவற்ற நீரைப் பாய்ச்சியபின் கன்று நட்டார்கள். மேலும் கீழுமாக ஒரே நிறுவனம் வேலை செய்தது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமாக அமைந்துவிட்டது.

பூச்சிமருந்து விஷயம் இன்னும் நேரடியானது. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலம். இரண்டுக்கும் ஓடுபோன்ற மேல்தோல். இரண்டும் சட்டை உரித்துத்தான் வளரும். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். சட்டை உரிப்பைக் கெடுக்கும் மருந்து இறாலின் சட்டை உரிப்பையும் கெடுக்கும். மீன் தாங்கும் அளவில்கூட இறால் தாங்காத மருந்துகள் உண்டு. பைரித்ராய்டு வகைகள் இப்படிப்பட்டவை. 2011இல் தடை செய்யப்பட்ட எண்டோசல்பானும் அப்படித்தான். தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதையும், மழை மூட்டத்தில் மருந்தடிப்பதையும் தவிர்ப்பது இயலாத காரியமல்ல. மருந்துச் செலவும் மிச்சம்.

குளம் வெட்டிய கதை

1990களின் தொடக்கத்தில் வரி இறால் பண்ணைகள் தஞ்சைக் கடலோரத்தில் காளான்போல் முளைத்தன. கடல்நீர் நெல்வயலுக்கு நடுவில் வந்து நின்றது. குடிநீர்க் கிணறுகள் உப்பேறின என்று ஊர்கள் முறையிட்டன. கழியில் கொசுவலை கட்டி இயற்கைக் குஞ்சை வாரிப் பண்ணைக்கு விற்றதும் நடந்தது. அதில் ஓர் இனத்துக் குஞ்சைப் பொறுக்கிக்கொண்டு மற்ற மீன் குஞ்சையெல்லாம் கரையில் கொட்டினார்கள். பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளையே வாரிக்கொண்டு போனது.

சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றக்கூடாது என்று அதில் கூறப்பட்டது. 2005இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அமைந்தது. இன்று கடலோரப் பண்ணைகள் அந்த ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்று பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் நம் கடல் இறாலே இல்லை. மெக்சிகோவிலிருந்து பெரு வரையுள்ள பசிபிக் கரையில் பிறந்த வன்னாமி என்னும் வெள்ளை இறால் அது. 2009இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பின்பே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. அது குறைந்த உப்பையும் தாங்கும் என்பதால், உள்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் வளர்க்கும் பேச்சு பரவியிருக்கிறது.

அடிவாரத்தில் செய்யலாமா?

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் குளத்தில் நான்கடித் தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று வைத்தாலும் குளத்தில் நிற்கும் உப்பு 24 டன். பெரும்பாலான பயிர்களுக்கு லிட்டருக்கு 2 கிராம் உப்பே அதிகம். குளத்து நீர் கசிந்தால் அடுத்த வயல்காரரின் கிணற்றில்தான் தெரியவரும். வடித்துவிட்டால் ஓடையில் தெரியவரும். இன்னொன்றும் உண்டு. நிலத்தடி உப்புநீர் கடல்நீர் ஆகாது. அதில் பொட்டாசியம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். குறைந்தால் இறால் சட்டை உரித்தபின் ஓடு இறுகாமல் சாகும். அதை விலை கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கிய குஞ்சு, தீவனம், காற்றேற்றும் இயந்திரத்துக்கு மின்சாரம் எல்லாம் கடன். நோய் வந்தால் ஒரு வாரத்தில் குளம் காலி. கையில் மாற்று வருமானம் இல்லாத இரண்டு ஏக்கர் விவசாயிக்கு இந்தப் பந்தயம் ஏற்றதன்று.

பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் நன்னீர் மீனையே முயலலாம். ஐந்தாறு மாதமாவது தண்ணீர் நிற்கும் குட்டையில் மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் மேயும் ரோகு, அடியில் மேயும் மிர்கால் ஆகிய மூன்றையும் கலந்து விட்டால் ஒன்றின் தீனிக்கு மற்றொன்று போட்டியிடாது. சாணமும் தவிடும் பிண்ணாக்கும் வீட்டிலேயே இருக்கின்றன. மீன் குட்டைத் தண்ணீரைக் காய்கறிக்குப் பாய்ச்சினால் அது எருநீர். இறால் குளத்துத் தண்ணீரை அப்படிப் பாய்ச்ச முடியாது. குட்டை வெட்டுமுன் மண் தண்ணீரைத் தாங்குமா என்று பார்த்து, கிணற்று நீரை ஒரு பாட்டிலில் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் உப்பு அளவு தெரிந்துகொண்டு, மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் குஞ்சு கிடைக்கும் மாதத்தையும் மானிய விவரத்தையும் கேட்டு அறிந்துகொள்ளலாம்.